முதல்ல அடுப்பைப் பத்தவை, டயட்டை அப்புறம் பார்த்துக்கலாம்

சமையலை விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. சமைக்கிறதையும் டயட்டையும் ஒரே திங்கட்கிழமையில தொடங்கிடுறாங்க. எண்ணெய் கிடையாது, தேங்காய் கிடையாது, வெள்ளை அரிசி கிடையாது. காலையில ஓட்ஸ், மத்தியானம் வரகரிசி, ராத்திரி சூப். வியாழக்கிழமை ராத்திரி பார்த்தா பரோட்டா பார்சல் வாசல்ல வந்து நிக்கும். நீ போன்ல சொன்ன பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான் தங்கச்சி. அதனாலதான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

சமைக்கப் பழகுறது ஒரு வேலை. சத்தா, அளவா சாப்பிடப் பழகுறது இன்னொரு வேலை. ஆபீஸ் முடிச்சு வேளச்சேரி டிராஃபிக்ல ஊர்ந்து வீடு வந்து சேர்ற பொண்ணால ரெண்டையும் ஒரே நேரத்துல தூக்கிச் சுமக்க முடியாது. முதல் ஒரு மாசம் சமைக்க மட்டும் பழகு. சோறு, பருப்பு, ரசம், ஒரு பொரியல், தயிர். தாளிக்க எண்ணெய் ஊத்து, பொரியல்ல தேங்காய் தூவு, பருப்புல அரை ஸ்பூன் நெய் விடு. வெளியில வாங்குற குழம்புல மிதக்குற எண்ணெயை யார், எவ்வளவு ஊத்தினாங்கன்னு உனக்குத் தெரியாது. வீட்டுல கரண்டி உன் கையில இருக்கு. அந்த ஒரு மாத்தமே முதல் மாசத்துக்குப் போதும்.

இன்னொண்ணு, நாக்கு. மாசக்கணக்கா வெளிச்சாப்பாட்டு உப்புக்கும் எண்ணெய்க்கும் பழகின நாக்குக்கு வீட்டு ரசம் முதல்ல சப்புன்னுதான் இருக்கும். உன் கைப்பக்குவம் போயிடுச்சுன்னு நினைச்சுடாதே. சில வாரம் விடாம சாப்பிட்டா நாக்கு தானா இறங்கி வரும். அந்த சில வாரத்தைத் தாண்டத்தான் தாளிப்புல கை வைக்காதேன்னு சொல்றேன்.

அலமாரியில இருந்து ஆரம்பி

சமைக்கிறதுக்கு முந்தின நாள், ஒரு சனிக்கிழமை, அலமாரியை மொத்தமா காலி பண்ணு. எண்ணெயை மோந்து பாரு, காறல் வாடை வந்தா கொட்டிடு. ரவையில புழு, பயறுல வண்டு, கட்டியாப் போன பெருங்காயம், வாசமே இல்லாத சீரகம் எல்லாம் வெளியே போகட்டும். பழைய மசாலாவில சமைச்சுட்டு ருசி வரலைன்னு மனசு விட்டவங்க நிறைய பேர். வாங்கும்போது ரெண்டு பேருக்கு எது எவ்வளவோ அவ்வளவுதான் வாங்கணும்: துவரம்பருப்பு ஒரு கிலோ, பாசிப்பருப்பு அரைக்கிலோ, கடுகும் சீரகமும் நூறு நூறு கிராம். புது ரவையை வெறும் சட்டியில வறுத்து ஆறவெச்சு டப்பாவுல போடு, சீக்கிரம் புழு வைக்காது.

அப்புறம் குக்கர். ரொம்ப நாள் சும்மா கிடந்த குக்கர்ல கேஸ்கெட் காஞ்சு விறைச்சுப் போயிருக்கும். விசில் வராம ஓரத்துல எல்லாம் ஆவி கசிஞ்சா அதுதான் காரணம். புது கேஸ்கெட் ஒண்ணு வாங்கிப் போடு. வெயிட் உக்கார்ற குழாயில தண்ணி விட்டுப் பாரு, அடைப்பு இல்லாம ஒழுகணும். கேஸ் ட்யூப் மேல தேதி அச்சடிச்சிருக்கும், அது தாண்டியிருந்தா அன்னைக்கே மாத்து. மிக்ஸி ஜார் மூடியில இருக்குற ரப்பரைக் கழட்டிக் கழுவு. பழைய பூண்டு வாடை முழுக்க அதுலதான் ஒளிஞ்சிருக்கும்.

கத்தியையும் தீட்டிக்கோ. மொண்ணைக் கத்தியில பீன்ஸ் நறுக்குற எரிச்சலே பாதிப் பேரை அடுப்பங்கரைக்கு வரவிடாது.

ராத்திரி எட்டு மணி

மூணு வேளையையும் ஒரேயடியா பிடிக்காதே. ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் பிடி. மத்தியானம் இப்போதைக்கு ஆபீஸ் கேன்டீனே இருக்கட்டும். ராத்திரி கை பழகிட்டா மறுநாள் டிபன் பாக்ஸ் அதுல இருந்தே கிளம்பி வரும்.

எட்டு மணிக்குப் பசியோட நிக்கும்போது அடுப்பைப் பத்தவைக்கிறதைவிட 'என்ன பண்றது'ன்னு யோசிக்கிறதுதான் பெரிய பாரம். யோசிச்சுட்டே இருக்கும்போது கை தானா போன் பக்கம் போயிடும். அந்த யோசனையைப் பசிக்காத நேரத்துக்கு மாத்தி வை. கிழமைக்கு ஒண்ணுன்னு முடிவு பண்ணிக்கோ: திங்கள் சாம்பார், செவ்வாய் ரசமும் முட்டையும், புதன் கீரை, வியாழன் புளிக்குழம்பு. ஒவ்வொரு திங்களும் சாம்பாரான்னு கேட்டா, ஆமா. ஒரு வாரம் முருங்கைக்காய், அடுத்த வாரம் கத்தரிக்காய், அதுக்கடுத்து முள்ளங்கி. காய் மாறினாலே ருசி மாறிடும்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முகம் கழுவுறதுக்கு முன்னாடி அரிசியையும் பருப்பையும் கழுவி ஊறப்போடு. நீ குளிச்சு, துணி மாத்தி, ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள அரை மணி நேரம் ஊறியிருக்கும். அஞ்சு லிட்டர் குக்கர்ல அடியில ரெண்டு டம்ளர் தண்ணி. கீழ் அடுக்குல அரை டம்ளர் துவரம்பருப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ரெண்டு பல் பூண்டு, நாலு சொட்டு நல்லெண்ணெய். மேல் அடுக்குல ஒரு டம்ளர் பொன்னிப் புழுங்கலரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி. அஞ்சு விசில் விட்டு அணைச்சுடு, பிரஷர் தானா அடங்கட்டும். கரண்டியால வெயிட்டைத் தூக்கிவிடுற அவசரம் வேண்டாம், பருப்பு பூக்குறதே அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துலதான்.

எவ்வளவு விசில் விட்டாலும் பருப்பு வேகலைன்னா உன்மேல குறையில்ல. போர் தண்ணி கடினமா இருந்தா பருப்பு லேசுல மசியாது. பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்து. ரொம்பப் பழைய பருப்பும் வேகாது. புளியையோ தக்காளியையோ சேர்த்தே வேகவெச்சாலும் நேரம் இழுக்கும், புளிப்பைப் பருப்பு வெந்த பிறகு சேர்.

குக்கர் அடுப்புல இருக்குற நேரத்துக்குள்ள பொரியல் முடிஞ்சுடும், ரசமும் பாதி ஆயிடும். வாணலியில ரெண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு வெடிச்சதும் உளுந்தம்பருப்பு. உளுந்து பொன்னிறமானதும் வத்தல், கருவேப்பிலை, நறுக்கின வெங்காயம். பொடியா நறுக்கின பீன்ஸைப் போட்டு, உப்புப் போட்டு, ஒரு கை தண்ணி தெளிச்சு, மூடி, சிம்ல வை. பத்து பன்னெண்டு நிமிஷம். ஒரு காயை எடுத்து நசுக்கிப் பாரு, நசுங்கணும், ஆனா குழையக் கூடாது. மூடியைத் திறந்து மிச்சத் தண்ணியை வத்தவிட்டுத் தேங்காய்ப்பூ தூவி இறக்கு. பொரியல்ல பலர் தண்ணியைக் குளமா ஊத்திட்டு, பிறகு வடிச்சுக் கொட்டுறாங்க. காயோட சத்தும் அந்தத் தண்ணியோட போயிடும்.

ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளி. கரைச்ச புளித்தண்ணியில ஒரு தக்காளியைக் கையாலயே பிசைஞ்சுவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுப் பச்சை வாசம் போறவரைக்கும் கொதிக்க விடு. அரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், மூணு பல் பூண்டைத் தோலோட ஒண்ணிரண்டாத் தட்டிப் போடு. குக்கரைத் திறந்ததும் பருப்பு மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியை ஒரு கரண்டி ஊத்து. இனிமே அடுப்பை விட்டு நகராதே. ஓரத்துல சின்னச் சின்னதா நுரை கட்டும், பிறகு நடுவுல கூடிப் பொங்கி மேல வரும். அந்த நொடியில அணைச்சுடணும். அதுக்கு மேல தளதளன்னு கொதிச்சா மிளகு சீரக வாசமெல்லாம் ஆவியாப் போயிடும். நெய்யில கடுகு தாளிச்சு, மல்லித்தழையைக் கிள்ளிப் போட்டு மூடி வை.

வெந்த பருப்புல பாதியை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுடு, நாளைக்குச் சுரைக்காய்க் கூட்டுக்கு ஆகும். மிஞ்சின சோத்தை ராத்திரி முழுக்க மேடையில விட்டுட்டுக் காலையில தாளிச்சுக் கட்டிட்டுப் போகாதே. வெளியில கிடக்குற சோத்துல பெருகுற ஒரு கிருமி விடுற நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள மூடி ஃப்ரிட்ஜ்ல வை, மறுநாள் ஒரே ஒரு தடவை நல்லா ஆவி பறக்கச் சூடாக்கு.

நறுக்குற வேலையை மாப்பிள்ளைகிட்ட கொடுத்துடு. 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க'ன்னு தினமும் கேட்காதே, அது அவரோட வேலைன்னே பிரிச்சு வெச்சுக்கோங்க. ரெண்டு பேரும் சம்பாதிக்கிற வீட்டுல ரெண்டு பேரும் சாப்பிடுற சாப்பாடு. ராத்திரி பாத்திரம் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள மறுநாள் காயை நறுக்கி டப்பாவுல போட்டு வெச்சுட்டா, மறுநாள் சமையல் பாதி முடிஞ்ச மாதிரி.

ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்

ஒரு தேங்காயைத் துருவி, சின்னச் சின்ன டப்பாவுல பிரிச்சு ஃப்ரீசர்ல வை. ஒரு கை புளியை வெந்நீர்ல ஊறவெச்சுக் கெட்டியாக் கரைச்சு, வடிகட்டி, கொதிக்கவெச்சு, ஆறினதும் பாட்டில்ல ஊத்து, ஒரு வாரத்துக்குத் தாங்கும். இஞ்சி பூண்டை எண்ணெயும் உப்பும் சேர்த்து அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வை. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிஷம் தண்ணியில போட்டுட்டு உரி, தோல் கழண்டு வரும், கண்ணும் எரியாது. கருவேப்பிலையைக் கழுவினா ஈரம் போக நிழல்ல உலர்த்திட்டுத்தான் டப்பாவுல அடைக்கணும், ஈரத்தோட போட்டா ரெண்டே நாள்ல கறுத்துடும்.

மாவு அரைக்கிறதும் இதே நாள்தான். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தைக் குளிர்ந்த தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அரை. ஒரு சொட்டு மாவைத் தண்ணியில விட்டா மிதக்கணும். உப்புப் போட்டுக் கையாலயே கரைச்சு வை. மெட்ராஸ் வெயில்ல ஆறேழு மணி நேரத்துலயே பொங்கிடும், மார்கழியில ராத்திரி முழுக்க வேணும். முதல் ரெண்டு நாள் இட்லி, மூணாவது நாள் தோசை, லேசாப் புளிச்சதும் ஊத்தப்பம், கடைசியில வெங்காயம் பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். ஒரு மாவு, அஞ்சு நாள் காலைப் பலகாரம். தொட்டுக்க சட்னி அரைக்க முடியாத காலையில இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் இருக்கு. மாவு அரைக்க முடியாத வாரத்துல கடை மாவு வாங்கு, அதுக்காக மனசு உறுத்த வேண்டாம்.

காய் வாங்குற விஷயத்துல எனக்கு ஒரு கொடுப்பினை. 1999 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் உழவர் சந்தையை இங்க மதுரை அண்ணா நகர்லதான் திறந்தாங்க. விவசாயி தானே கொண்டு வந்து தராசுல போடுற காயை இன்னைக்கும் விடிஞ்சதும் போனா வாங்கலாம். உனக்குத் தள்ளுவண்டியோ கடையோதான். எங்க வாங்கினாலும் போன்ல ஆர்டர் போடாம, கையால தொட்டு எடு. வெண்டைக்காய் நுனி டக்குன்னு ஒடியணும். கத்தரிக்காய்க்குக் காம்பு பச்சையா, காய் கனமில்லாம இருக்கணும், கனத்தா உள்ள விதை முத்தியிருக்கும். முருங்கைக்காயை லேசா முறுக்கினா வளைஞ்சு கொடுக்கணும்.

வாங்கின காயைச் சமைக்கிறதுலயும் ஒரு வரிசை உண்டு. கீரையும் வெண்டைக்காயும் முதல் ரெண்டு நாள். பீன்ஸ், கத்தரிக்காய், அவரைக்காய் நடுவுல. கோஸ், கேரட், பூசணி, சேனை எல்லாம் வாரக் கடைசிக்கு. இதைத் தெரிஞ்சுக்காம கோஸை முதல்ல சமைச்சுட்டுக் கீரையை அழுகவிட்டா, அடுத்த வாரம் கீரை வாங்கவே கை வராது. முருங்கைக்கீரைக்குப் பொறுமை இல்லைன்னு சொன்னியே, கொத்தோட ஒரு துணியில சுத்தி ராத்திரி வெச்சுடு. காலையில உதறினா இலை பெரும்பாலும் தானா உதிர்ந்திருக்கும், மிச்சக் காம்பைப் பொறுக்கினாப் போதும்.

வீடியோ பார்த்துச் சமைக்கிறதுல தப்பில்ல. ஆனா அடுப்புல எண்ணெய் காயும்போது போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்குறது சரிவராது. எஸ். மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' ஒண்ணு வாங்கி அடுப்பங்கரையிலயே வை. 1951-ல வந்த புத்தகம், இன்னைக்கும் அச்சுல கிடைக்குது. சைவச் சமையல் மட்டும்தான், ஆனா குழம்பு, கூட்டு, பச்சடின்னு அன்றாடச் சமையல் முழுக்க அளவோட இருக்கு. செஞ்சு பார்த்து உங்க வீட்டுக்கு உப்பு, காரம் எவ்வளவுன்னு பென்சில்ல ஓரத்துல எழுதி வெச்சுக்கோ.

ஒரு மாசம் கழிச்சு

கை பழகின பிறகு அளவைப் பார்க்கலாம். ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு அதுல சொல்லியிருக்குற கணக்கு: அரிசி, கோதுமை மாதிரி தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, கறி, மீன் சேர்த்து 85 கிராம், எண்ணெய் 27 கிராம். நம்ம வீட்டுச் சாப்பாட்டை இதோட வெச்சுப் பாரு. சோறு கூட, வெஞ்சனம் குறைச்சல். தட்டுல சோத்து மலைக்குப் பக்கத்துல ஒரு ஸ்பூன் பொரியல் வெச்சுட்டு வீட்டுச் சாப்பாடு, சத்தான சாப்பாடுன்னு நம்மளே சொல்லிக்கிறோம். அரிசியை வரகா மாத்துறதுக்கு முன்னாடி பொரியலை ரெண்டு மடங்காக்கு. நீ இப்ப செய்யவேண்டிய ஒரே டயட் மாத்தம் இதுதான்னு நான் சொல்வேன்.

எண்ணெய்க்கு அளவு ஸ்பூன் வெச்சுட்டு அலைய வேண்டாம். அந்த 27 கிராம் கணக்குப்படி ரெண்டு பேருக்கு மாசம் ரெண்டு லிட்டருக்குள்ள அடங்கணும். ஒண்ணாம் தேதி ரெண்டு லிட்டரை எடுத்துத் தனியா வை, நெய், நல்லெண்ணெய் எல்லாம் அந்தக் கணக்குலதான். எத்தனாம் தேதி தீருதுன்னு பாரு. இருபதாம் தேதியே தீர்ந்தா எங்க போச்சுன்னு உனக்கே தெரியும்.

உப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு டீஸ்பூன்தான். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், சாஸ் எல்லாம் அந்த ஒரு டீஸ்பூனுக்குள்ளதான் வரணும். ஊறுகாய் பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில இருந்து எடுத்து அலமாரிக்குள்ள வெச்சாலே தினமும் கை போறது குறையும்.

ரத்தம் குறைச்சலா இருக்குன்னு டாக்டர் சொன்னதா சொன்ன. மாத்திரையை நிறுத்தாதே. கூடவே கீரையிலயும் சுண்டல்லயும் எலுமிச்சம்பழம் பிழி. செடியில இருந்து கிடைக்கிற இரும்புச்சத்து உடம்புல சேர வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடு, டீ அந்தச் சத்தைச் சேரவிடாது. ஆபீஸ் விட்டு வந்ததும் பஜ்ஜி தேடுற நேரத்துக்குக் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ முந்தின ராத்திரியே ஊறப்போடு. கேழ்வரகையும் கொண்டு வரலாம். 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. ஆனா களியில ஆரம்பிக்காதே. முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாத் தட்டு, மாப்பிள்ளையும் சாப்பிடுவார்.

ஞாயித்துக்கிழமை கறி, மீனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விலை ஏறின வஞ்சிரம்தான் சத்துன்னு இல்ல, மத்தி மீன்ல நல்ல கொழுப்பு அதிகம், விலையும் குறைச்சல். மண்சட்டியில புளிக்குழம்பு வை, மறுநாள் இன்னும் ருசிக்கும். கோழிக்கறியை வாங்கினதும் கழுவி, மஞ்சள் தடவி, ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு பிரிச்சு ஃப்ரீசர்ல போடு. சமைக்கிறதுக்கு முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறக்கி வை, வெளியில வெச்சு உருக விடாதே.

சமைக்கவே முடியாத ராத்திரியும் வரும். ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கும், தலைவலி இருக்கும், தீட்டு வயித்துவலி இருக்கும். அதுக்குன்னே ஃப்ரிட்ஜ்ல முட்டையும், மாவும், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் எப்பவும் இருக்கட்டும். சோறு மட்டும் வெச்சா புளியோதரை ஆச்சு, ஒரு முட்டையை உடைச்சு ஊத்தினா தோசை ஆச்சு. அதுவும் முடியலைன்னா வெளியில வாங்கு, ஆனா முழுச் சாப்பாடா வாங்காதே. சோறு குக்கர்ல வை, குழம்பை மட்டும் வாங்கு. வெள்ளரிக்காய் நறுக்கித் தயிரை ஊத்திப் பச்சடி பண்ணிக்கோ. மறுநாளும் முடியலைன்னா மறுநாளும் இதையே செய்.

சாம்பார் பொடியை நீ அரைக்க வேண்டாம், அங்க மில்லைத் தேடி அலையாதே. மல்லி அரைக்கிலோவுக்கு வத்தல் கால் கிலோ, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள்னு எல்லாத்தையும் வெயில்ல காயவெச்சிருக்கேன். இந்த வாரம் அரைச்சு, நல்லா ஆறவெச்சு, கூரியர்ல போட்டுடுறேன். உங்க ரெண்டு பேருக்கும் காரம் எவ்வளவு தாங்கும்னு மாப்பிள்ளையையும் கேட்டுட்டு மெசேஜ் போடு, அதுக்குத் தகுந்தபடி வத்தலைக் கூட்டிக் குறைச்சுக்கிறேன்.